சிலுவைப் போர்கள்: யார் யாரோடு மோதினார்கள்?

மேற்கு ஆசியாவில் சண்டை மூளும்போதெல்லாம், இடைக்காலத்தில் ஜெருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் நடத்திய சிலுவைப் போர்கள் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. 1998 பிப்ரவரியில் ஒசாமா பின்லாடன் வெளியிட்ட அறிக்கை, யூதர்களுக்கும் சிலுவைப் போராளிகளுக்கும் எதிராக ஜிஹாத் அறிவித்தது. 2001 செப்டம்பர் 16 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், பயங்கரவாதத்துக்கு எதிரான தன் நடவடிக்கையையே சிலுவைப் போர் என்றார். எதிர்ப்பு கிளம்பியதும் வெள்ளை மாளிகை வருத்தம் தெரிவித்தது. 2024 இறுதியில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட பீட் ஹெக்செத்தின் மார்பில், சிலுவைப் போர்களோடு தொடர்புடைய சின்னமான ஜெருசலேம் சிலுவை பச்சை குத்தப்பட்டிருந்தது பெரிய விவாதமானது.

இப்படிப் பேசுகிற இரு தரப்பினர் மனத்திலும் ஒரே படம்தான் இருக்கிறது. ஒருபக்கம் ஒன்றுதிரண்ட கிறிஸ்தவ உலகம், மறுபக்கம் ஒன்றுதிரண்ட இஸ்லாமிய உலகம். 1095 முதல் 1291 வரை சிரியா, பாலஸ்தீனம், எகிப்து பகுதிகளில் நடந்ததைப் பார்த்தால் அந்தப் படம் நிற்காது. ஆயிரக்கணக்கானவர்களை ஐரோப்பாவிலிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது மத நம்பிக்கைதான். ஆனால் அங்கே யார் எப்போது வென்றார்கள் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது வேறொரு கேள்வி: கெய்ரோ, டமாஸ்கஸ், அலெப்போ ஆகிய மூன்று நகரங்களும் ஒரே ஆட்சியில் இருந்தனவா, இல்லையா?

## பின்னணி: உதவி கேட்ட பேரரசர்

11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பகுதியில் மூன்று பெரிய சக்திகள் இருந்தன. முதலாவது, கான்ஸ்டான்டிநோபிளைத் (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசு. அது கிறிஸ்தவ அரசுதான்; ஆனால் ரோமிலிருந்த போப்பின் தலைமையை ஏற்காத கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்தது. இரண்டாவது, பாக்தாதில் இருந்த அப்பாசியக் கலீஃபாவின் பெயரால் ஆண்ட செல்ஜுக் துருக்கிய சுல்தான்கள், இவர்கள் சுன்னிகள். மூன்றாவது, கெய்ரோவில் ஆண்ட ஃபாத்திமியக் கலீஃபாக்கள். இவர்கள் ஷியாவின் இஸ்மாயிலி பிரிவினர். பாக்தாதும் கெய்ரோவும் ஒன்றையொன்று முறையான ஆட்சியாகவே ஏற்கவில்லை.

1071-ல் மன்சிகெர்ட் போரில் செல்ஜுக் சுல்தான் அல்ப் அர்ஸ்லான், பைசாந்தியப் பேரரசர் நான்காம் ரோமானோஸைத் தோற்கடித்துச் சிறைபிடித்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் இன்றைய துருக்கியின் பெரும்பகுதி பேரரசின் கையைவிட்டுப் போனது. 1095 மார்ச்சில் பேரரசர் அலெக்சியோஸ் கொம்னினோஸின் தூதர்கள் இத்தாலியின் பியாசென்சா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்கு வந்து படை உதவி கேட்டார்கள். பேரரசர் எதிர்பார்த்தது, தன் கட்டளைக்குக் கீழ்ப்படியும் கூலிப்படையை. வந்து சேர்ந்ததோ, சொந்தத் தலைவர்களும் சொந்த நோக்கமும் கொண்ட ஒரு பெருங்கூட்டம்.

## போப் தந்த வாக்குறுதி

1095 நவம்பர் 27 அன்று பிரான்சின் கிளேர்மான் நகரில் போப் இரண்டாம் அர்பன் பேசினார். அந்தப் பேச்சு சொல்லுக்குச் சொல் பதிவாகவில்லை. இன்று கிடைக்கும் வடிவங்கள் எல்லாம் பின்னால் எழுதப்பட்டவை. ஆனால் சங்கத்தின் தீர்மானம் கிடைத்திருக்கிறது. புகழுக்காகவோ பணத்துக்காகவோ இல்லாமல் பக்தியால் மட்டும் ஜெருசலேமை மீட்கப் புறப்படுகிறவருக்கு அந்தப் பயணமே முழுப் பாவப்பரிகாரமாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம்.

இது ஏன் பெரிய விஷயம்? அன்றைய நடைமுறையில், பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்ற பிறகும் நோன்பு, தானம், திருப்பயணம் என்று பரிகாரம் செய்தாக வேண்டும். வாளைத் தொழிலாகக் கொண்ட பிரபுவுக்கு இது தீராத சிக்கல். சண்டையில் சக கிறிஸ்தவரைக் கொன்றால் பரிகாரம் கூடிக்கொண்டே போகும். முழுதாகத் தப்ப வேண்டுமென்றால் எல்லாவற்றையும் விட்டு மடத்தில் சேர வேண்டும். அர்பன் காட்டிய வழியில் வாளைக் கீழே வைக்க வேண்டியதில்லை. அதே வாளே பரிகாரமாகிவிட்டது.

நிலத்துக்கும் கொள்ளைக்கும் ஆசைப்பட்டுத்தான் இவர்கள் போனார்கள் என்று பலரும் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். பணக் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. நார்மண்டியின் ராபர்ட் தன் முழு ஆட்சிப்பகுதியையும் 10,000 மார்க் வெள்ளிக்குத் தம்பியிடம் அடகு வைத்துவிட்டுப் புறப்பட்டார். பூயோனின் காட்ஃப்ரி தன் கோட்டையை லியேஜ் ஆயரிடம் ஈடாகக் கொடுத்தார். படையெடுப்பில் பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் ஜெருசலேமில் வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு ஊர் திரும்பிவிட்டார்கள். நிலம் பிடித்துத் தங்கியவர்கள் சிலரே.

நம்பிக்கை உண்மையானது என்பதால் அது நல்லதாக இருந்தது என்று ஆகிவிடாது. 1096-ல், இன்னும் ஒரு முஸ்லிம் படையைக்கூடப் பார்க்காத நிலையிலேயே, சிலுவை தரித்த கும்பல்கள் ரைன் நதிக்கரை நகரங்களில் யூதர்கள்மீது பாய்ந்தன. ஸ்பையரில் ஆயர் தலையிட்டதால் பெரும்பாலானோர் தப்பினார்கள். வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூத சமூகங்கள் ஏறக்குறைய முழுதாக அழிக்கப்பட்டன. மதம் மாற மறுத்த குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே கொன்று தாங்களும் மாண்டதை எபிரேயப் பதிவுகள் சொல்கின்றன.

## 1099: வெற்றிக்கு வழிவிட்ட பிளவுகள்

மூன்று ஆண்டு நடை, பசி, நோய், போர் எல்லாம் கழித்து ஜெருசலேம் மதிலருகே வந்து நின்றவர்கள் ஏறக்குறைய 12,000 முதல் 14,000 பேர்தான். இவ்வளவு சிறிய படை எப்படி ஜெயித்தது? எதிரே இருந்த நிலைமையை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. 1092-ல் செல்ஜுக் பேரரசின் அமைச்சர் நிஸாமுல் முல்க் கொல்லப்பட்டார். சில வாரங்களில் சுல்தான் மலிக்ஷாவும் இறந்தார். வாரிசுச் சண்டையில் பேரரசு சிதறியது.

2. சிரியாவை ஆண்ட மலிக்ஷாவின் தம்பி துதுஷ் 1095-ல் அந்தச் சண்டையில் மாண்டார். அவருடைய ஒரு மகன் ரித்வான் அலெப்போவையும், இன்னொரு மகன் துகாக் டமாஸ்கஸையும் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் பகையாளிகள். சிலுவைப் படை அந்தியோக்கியாவை எட்டு மாதம் முற்றுகையிட்டபோது, 1097 டிசம்பரில் துகாக் வந்து தோற்றார். 1098 பிப்ரவரியில் ரித்வான் வந்து தோற்றார். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஒருமுறைகூட வரவில்லை.

3. 1094-ல் கெய்ரோவின் கலீஃபா முஸ்தன்சிர் இறந்ததும் அங்கேயும் வாரிசுப் பிளவு. ஆட்சியைக் கையில் வைத்திருந்த வஸீர் (தலைமை அமைச்சர்) அல்-அஃப்தலுக்கு முதல் எதிரி துருக்கியர்தான். அவர் தூதர்கள் 1098-ல் அந்தியோக்கியா முற்றுகை முகாமுக்கே வந்து சிலுவைப் படையினரோடு பேசினார்கள். அதே ஆண்டு அவர் ஜெருசலேமைத் துருக்கியரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

ஆக, எந்தத் துருக்கியரை எதிர்த்து ஐரோப்பாவில் பிரசாரம் நடந்ததோ, அவர்கள் 1099-ல் ஜெருசலேமில் இல்லவே இல்லை. நகரம் எகிப்தியர் கையில் இருந்தது. ஜூலை 15 அன்று மதில் உடைந்தது. உள்ளே முஸ்லிம்களும் யூதர்களும் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். பிற்கால அரபு வரலாற்றாசிரியர் ஒருவர் 70,000 பேர் என்று எழுதினார். இன்றைய ஆய்வாளர்கள் சில ஆயிரங்கள் என்கிறார்கள். தொகை குறைந்தாலும் கொடுமையின் தன்மை மாறுவதில்லை. சிறைபிடிக்கப்பட்ட யூதர்களையும் அவர்களுடைய வேத நூல்களையும் மீட்கப் பணம் திரட்டிய கடிதங்கள் கெய்ரோவின் யூத ஆவணக் குவியலில் இன்றும் இருக்கின்றன.

டமாஸ்கஸின் காழி (நீதிபதி) அல்-ஹரவி அகதிகளோடு பாக்தாத் போய்க் கலீஃபாவின் அவையில் முறையிட்டார். கண்ணீர் கிடைத்தது, படை கிடைக்கவில்லை.

## நான்கு அரசுகள், மாறிமாறிக் கூட்டணிகள்

பிராங்குகள் (சிலுவைப் படையினரை முஸ்லிம்கள் அப்படித்தான் அழைத்தார்கள்) எடெஸ்ஸா, அந்தியோக்கியா, ஜெருசலேம், திரிப்போலி (இன்றைய லெபனானில் உள்ளது) என்று நான்கு அரசுகளை அமைத்தார்கள். மூன்று கடற்கரையை ஒட்டியவை; எடெஸ்ஸா மட்டும் உள்நாட்டில். ஆள்பலம் எப்போதும் பற்றாக்குறைதான். அதை ஈடுகட்ட இரண்டு ஏற்பாடுகள் வளர்ந்தன. ஒன்று, துறவற நேர்ச்சை எடுத்துக்கொண்ட போர்வீரர்களின் சபைகள்: டெம்ப்ளர்களும் ஹாஸ்பிட்டலர்களும். இன்னொன்று, ஜெனோவா, பீசா, வெனிஸ் நகரங்களின் கப்பல்கள். அவை சும்மா வரவில்லை. 1124-ல் தூர் துறைமுகத்தைப் பிடிக்க உதவிய வெனிஸ், அந்த நகரில் மூன்றில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டது.

இந்த அரசுகள் வேரூன்றியதும் அக்கம்பக்கத்து ஆட்சியாளர்களைப் போலவே நடந்துகொண்டன. 1108-ல் தெல் பாஷிர் அருகே நடந்த போர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருபக்கம் அந்தியோக்கியாவின் தாங்கிரெதும் அலெப்போவின் ரித்வானும். எதிர்ப்பக்கம் எடெஸ்ஸாவின் பால்ட்வினும் மோசுலிலிருந்து வந்த துருக்கியத் தளபதி ஜாவலியும். இரண்டு அணியிலும் கிறிஸ்தவர், இரண்டு அணியிலும் முஸ்லிம். ஜெருசலேம் விழுந்து அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

1184-ல் ஸ்பெயினிலிருந்து வந்த முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர், இரு தரப்புப் படைகளும் மோதிக்கொண்டிருக்கும்போதே டமாஸ்கஸுக்கும் பிராங்குகளின் துறைமுக நகரமான அக்காவுக்கும் இடையே வணிகர் கூட்டங்கள் தடையின்றிப் போய்வருவதைக் கண்டு வியந்தார். பிராங்குகளின் ஆட்சியில் முஸ்லிம் விவசாயிகள் விளைச்சலில் பாதியும் தலைவரியும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதை வருத்தத்தோடு குறித்தார். இதை வைத்து அங்கே ஒற்றுமை பூத்தது என்று சொல்லிவிட முடியாது. அதே பயணத்தில் காலில் விலங்கோடு வேலை செய்யும் முஸ்லிம் கைதிகளையும் அவர் பார்த்தார். ஜெருசலேம் நகருக்குள் முஸ்லிம்களும் யூதர்களும் குடியிருக்கக் கூடாது என்பது பிராங்குகளின் விதி.

## மூன்று நகரங்களும் ஒரு கைக்கு வருகின்றன

1128-ல் மோசுலின் ஆட்சியாளர் ஸெங்கி அலெப்போவைப் பிடித்தார். 1144 டிசம்பரில் எடெஸ்ஸாவை வென்றார். அடுத்து அவர் கண் டமாஸ்கஸ்மீது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் டமாஸ்கஸ் 1140-லேயே ஜெருசலேம் அரசோடு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது.

எடெஸ்ஸா விழுந்த செய்தி கேட்டு பிரான்சின் ஏழாம் லூயியும் ஜெர்மனியின் மூன்றாம் கொன்ராடும் இரண்டாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்டார்கள். 1148 ஜூலையில் அவர்கள் தாக்கியது எந்த நகரத்தைத் தெரியுமா? டமாஸ்கஸை! அந்தப் பகுதியில் பிராங்குகளோடு ஒப்பந்தம் வைத்திருந்த முக்கியமான முஸ்லிம் நகரம் அது. டமாஸ்கஸ் வேறு வழியில்லாமல் ஸெங்கியின் மகன் நூருத்தீனிடம் உதவி கேட்டது. நான்கே நாளில் முற்றுகை கலைந்தது. சிலுவைப் போர்களின் அரசியல் முட்டாள்தனங்களில் இதற்கு ஈடு சொல்ல வேறொன்று கிடைப்பது கடினம். 1154-ல் டமாஸ்கஸ் நூருத்தீனுக்குக் கதவு திறந்தது. அலெப்போவும் டமாஸ்கஸும் இப்போது ஒரே கையில்.

மிச்சம் கெய்ரோ. ஃபாத்திமிய ஆட்சி தளர்ந்திருந்ததால் ஜெருசலேம் அரசர் அமால்ரிக் 1160-களில் திரும்பத் திரும்ப எகிப்துமீது படையெடுத்தார். நூருத்தீன் தன் குர்து தளபதி ஷிர்குஹை அனுப்பினார். எகிப்தின் வஸீர் ஒருமுறை இவர் பக்கம், மறுமுறை அவர் பக்கம் என்று மாறினார். கடைசியில் 1169-ல் ஷிர்குஹ் வென்று வஸீரானார். சில வாரங்களில் இறந்தும் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் அண்ணன் மகன் சலாஹுத்தீன். 1171-ல் அவர் ஃபாத்திமிய ஆட்சியை முடித்துவைத்தார். 1174-ல் நூருத்தீன் இறந்ததும் டமாஸ்கஸுக்குள் நுழைந்தார். 1183-ல் அலெப்போவும் வந்தது. 1186 வரை அவர் பிராங்குகளோடு போரிட்டதைவிட சக முஸ்லிம் ஆட்சியாளர்களோடு போரிட்டதே அதிகம். அவரை வாழ்நாளிலேயே குறை சொன்னவர்கள் இதைத்தான் சொன்னார்கள்.

ஒற்றுமை கைகூடியதும் முடிவு சீக்கிரம் வந்தது. 1187 ஜூலை 4 அன்று ஹித்தீனில், கோடை வெயிலில் தண்ணீர் இல்லாத மேட்டில் சிக்கிய ஜெருசலேம் படை அழிந்தது. கோட்டைக் காவலர்களையும் அந்தப் படையில் சேர்த்திருந்ததால் நகரங்களைக் காக்க ஆளில்லை. அக்டோபர் 2-ல் ஜெருசலேம் சரணடைந்தது. 1099 போல இரத்தம் ஓடவில்லை: ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 தினார் கட்டினால் வெளியேறலாம். பணம் கட்ட முடியாத ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளானார்கள். ஹித்தீனில் பிடிபட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் வீரர்கள் தலைவெட்டப்பட்டார்கள். சலாஹுத்தீனின் பெருந்தன்மையைப் பாடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

## இனி ஜெருசலேமுக்கு வழி கெய்ரோ

மூன்றாம் சிலுவைப் போர் (1189–1192) கடற்கரையை மீட்டது, ஜெருசலேமை அல்ல. ஜெர்மானியப் பேரரசர் பார்பரோஸா வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தார். இங்கிலாந்தின் ரிச்சர்ட் அக்காவை வென்றார். அங்கே சுமார் 2,700 முஸ்லிம் கைதிகளைக் கொல்லவைத்தார். ஜெருசலேமுக்கு அருகே இருமுறை வந்தும் திரும்பினார். நகரத்தைப் பிடித்தாலும், எகிப்து எதிரி கையில் இருக்கும்வரை தக்கவைக்க முடியாது என்று அவருக்கும் படைத்தலைவர்களுக்கும் புரிந்துவிட்டது. 1192 செப்டம்பரில் ஒப்பந்தம்: கடற்கரை பிராங்குகளுக்கு, ஜெருசலேம் சலாஹுத்தீனுக்கு, கிறிஸ்தவத் திருப்பயணிகள் நகருக்குள் வந்துபோகலாம்.

அதனால்தான் பின்னால் வந்த பெரிய படையெடுப்புகள் எகிப்தைக் குறிவைத்தன. நான்காம் சிலுவைப் போரும் எகிப்துக்கென்றே திட்டமிடப்பட்டது. 33,500 பேருக்குக் கப்பல் வேண்டும் என்று வெனிஸோடு 85,000 மார்க்குக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வந்து சேர்ந்தது அதில் மூன்றில் ஒரு பங்குதான். கடனை அடைக்க முதலில் சாரா என்ற கிறிஸ்தவ நகரைத் தாக்கினார்கள். பிறகு பைசாந்திய வாரிசுச் சண்டையில் தலையிட்டு, 1204 ஏப்ரலில் கான்ஸ்டான்டிநோபிளையே சூறையாடினார்கள். உதவி கேட்ட பேரரசின் தலைநகரே, உதவிக்கு வந்தவர்களின் வாரிசுகளால் நாசமானது. 2001-ல் ஏதென்ஸ் சென்ற போப் இரண்டாம் ஜான் பால் இந்தக் கொடுமைக்காக வருந்தியது, கிழக்குத் திருச்சபை எட்டு நூற்றாண்டாக அதை மறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

சலாஹுத்தீனின் குடும்பமும் அவர் இறந்ததும் பிரிந்தது. கெய்ரோவை ஆண்ட அவர் தம்பி மகன் அல்-காமில், டமாஸ்கஸில் இருந்த சொந்தச் சகோதரருக்கு எதிராகப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக்கிடம் உதவி கேட்டிருந்தார். அதன் தொடர்ச்சியாக 1229 பிப்ரவரியில், போர் இல்லாமலேயே, பத்து ஆண்டு ஒப்பந்தத்தில் ஜெருசலேம் கிறிஸ்தவர் கைக்கு வந்தது. அல்-அக்ஸா வளாகம் மட்டும் முஸ்லிம்களிடமே இருந்தது. அந்த ஃபிரெடெரிக்கோ போப்பால் சபைநீக்கம் செய்யப்பட்டவர். டமாஸ்கஸில் அல்-காமிலைத் துரோகி என்று பிரசங்கம் செய்தார்கள். ஜெருசலேமின் லத்தீன் திருச்சபைத் தலைவர் நகரில் வழிபாட்டுக்கே தடை போட்டார். ஃபிரெடெரிக் அக்காவில் கப்பலேறப் போனபோது கசாப்புக்காரர்கள் அவர்மீது குடலை வீசினார்கள். இரத்தம் சிந்தாமல் கிடைத்த ஒரே தீர்வை இரு தரப்பும் காறி உமிழ்ந்தது என்பது இந்த வரலாற்றில் மிகவும் வேதனையான பகுதி.

## மம்லூக்குகளும் முடிவும்

1249-ல் எகிப்துக்கு வந்த பிரான்சின் ஒன்பதாம் லூயி அடுத்த ஆண்டு சிறைப்பட்டார். அதே 1250-ல், அடிமைகளாக வாங்கிப் பயிற்சி தரப்பட்ட துருக்கிய வீரர்களான மம்லூக்குகள் சுல்தானைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார்கள். 1258-ல் மங்கோலியர் பாக்தாதை அழித்தனர். 1260-ல் அலெப்போவும் டமாஸ்கஸும் விழுந்தன. இங்கும் கிறிஸ்தவர்கள் ஒரே பக்கம் நிற்கவில்லை: அந்தியோக்கியா மங்கோலியரோடு சேர்ந்தது; அக்கா நகரமோ மம்லூக் படை தன் நிலத்தின் வழியாகக் கடந்துபோக அனுமதித்தது. செப்டம்பர் 3 அன்று ஐன் ஜாலூத்தில் மம்லூக்குகள் மங்கோலியரை வென்றார்கள். கெய்ரோ, டமாஸ்கஸ், அலெப்போ மீண்டும் ஒரே கையில்.

அப்புறம் நடந்தது நேர்க்கோடு. சுல்தான் பைபர்ஸ் 1268-ல் அந்தியோக்கியாவைப் பிடித்து மக்களைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் நகரை வெறுமையாக்கினார். 1289-ல் திரிப்போலி. 1291 மே 18-ல் அக்கா. இன்னொரு படை கடல்வழி வந்து இறங்கக் கூடாது என்பதற்காகக் கடற்கரை நகரங்களின் கோட்டைகளை மம்லூக்குகளே இடித்துத் தள்ளினார்கள்.

வணிகம் மட்டும் நிற்கவில்லை. இரும்பு, மரம், ஆயுதம் ஆகியவற்றை முஸ்லிம்களுக்கு விற்கக் கூடாது என்று 1179-லேயே திருச்சபைச் சங்கம் தடை விதித்திருந்தது. அதற்குப் பிறகும் இத்தாலிய வணிகர்கள் அலெக்சாந்திரியாவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மலபார் மிளகு செங்கடல் வழியாக எகிப்து வந்து, அங்கிருந்து வெனிஸ் போனது. அந்த வரி கெய்ரோவின் கருவூலத்தை நிரப்பியது.

## நினைவு எப்படித் திரும்பி வந்தது

அரபு நாடுகளின் மக்கள் கதைகளில் பல நூற்றாண்டுகள் பெரிய நாயகனாக இருந்தவர் பைபர்ஸ். சலாஹுத்தீனைக் கூடுதலாகக் கொண்டாடியது ஐரோப்பாதான். 1898-ல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் டமாஸ்கஸ் போய் அவர் கல்லறையில் மரியாதை செலுத்தினார். ஐரோப்பிய ஆதிக்கம் மேற்கு ஆசியாவில் பரவிய அந்தக் காலத்தில்தான் சிலுவைப் போர், காலனியத்தின் முன்னோடி என்ற பொருளில் அரபு அரசியல் பேச்சுக்குள் வலுவாக நுழைந்தது. 1917 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி ஜெருசலேமுக்குள் நுழைந்த சமயம், இதைச் சிலுவைப் போர் என்று எழுத வேண்டாம் என அரசு பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டது. அதன் படையில் இந்திய முஸ்லிம் வீரர்களும் இருந்தார்கள்.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈராக்கின் சதாம் உசேன், சலாஹுத்தீன் பிறந்த அதே திக்ரித் பகுதியில் தானும் பிறந்ததை வைத்துத் தன்னை இரண்டாம் சலாஹுத்தீனாகக் காட்டிக்கொண்டார். சலாஹுத்தீன் ஒரு குர்து. 1988-ல் ஹலப்ஜாவில் சதாமின் படை நச்சுவாயு வீசிக் கொன்ற ஆயிரக்கணக்கானவர்களும் குர்துகள்தான்.